பன்னிரண்டாவது லோடு

என் அக்கா புருஷனுக்கு மண் வியாபாரம். சிரிக்காதீர்கள், மண்ணையும் காசு கொடுத்து வாங்குவார்களா என்று முதலில் நானும்தான் சிரித்தேன். ஒருவன் அஸ்திவாரம் தோண்டிவிட்டு, தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவது என்று திருதிருவென்று விழிப்பான். இன்னொருவன் பள்ளத்து மனையை வாங்கிவிட்டு, தோட்டம் போட மண் தேடி நாயாய் அலைவான். இந்த இருவருக்கும் நடுவில் மாமா. லாரி என்னுடையது. பதினான்கு வருஷம் அவருக்காக ஓட்டினேன்.

பள்ளத்தையெல்லாம் மேடாக்குகிறவர் என்று ஊரில் அவரை மேட்டுக்காரர் என்பார்கள். நல்ல வேலைக்காரர், அதை என் வாயாலேயே சொல்கிறேன். ஒரு பிடி மண்ணை நனைத்து உருட்டிப் பார்த்தே, இது செடிக்கு ஆகும், இது ஆகாது என்று சொல்லிவிடுவார். செங்கல் உடைசல் கலந்த மண்ணைத் தோட்டத்துக்குக் கொட்டச் சொன்னால் வேறு ஆளைப் பார் என்று திருப்பி அனுப்புவார். எங்கே எடுத்தது, அதில் முன்னால் என்ன இருந்தது என்று கேட்காமல் ஒரு லோடுகூட ஏற்ற விடமாட்டார். வீட்டு விஷயம் மட்டும் அவர் தலையில் நிற்காது. அக்கா உப்பு கேட்டால் சர்க்கரையோடு வந்து நிற்பார்.

புதுப் பூங்கா ஒன்றுக்கு மண் அடிக்கிற வேலை வந்தது. நடுவில் ஒரு குன்று எழுப்பி மேலே புல் பதிக்க வேண்டும். மொத்தம் பன்னிரண்டு லோடு, பதினொன்று அடித்துவிட்டோம். உச்சியில் போட நல்ல மேல்மண் தருகிறேன் என்றவன் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டான். மறுநாள் காலை புல் வந்து இறங்குகிறது. மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நம் வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே எடுத்துவிடலாம் என்றார்.

அக்கா வீட்டில் இல்லை. சின்னம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பார்க்கப் போயிருந்தாள். கொல்லைப்புறத்தில் மதிலோரம் மேடாக இருக்கும். மழை பெய்தால் தண்ணீர் சமையலறைக்குள் வந்துவிடும், அக்கா வருஷா வருஷம் புலம்புவாள். பூங்காவுக்கும் மண் ஆயிற்று, வீட்டுக்கும் நல்லதாயிற்று, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று எனக்கும் தோன்றியது. லாரியைப் பின்னால் எடுத்துவிட்டவன் நான்தான், அதை மறைக்கப் போவதில்லை. அந்த மேட்டில் அக்கா சாயங்காலம் உட்காருகிற தட்டைக் கல் ஒன்று உண்டு. உடைந்தால் திட்டுவாள் என்று நானும் மாமாவும் அதைத் தூக்கிப் பத்திரமாக ஓரத்தில் வைத்தோம். மண் கறுப்பாக, பொலபொலவென்று வந்தது. இத்தனை நாள் இதை வீட்டிலேயே வைத்துக்கொண்டா ஊரெல்லாம் அலைந்தோம் என்றார் மாமா.

மூன்றாம் நாள் அக்கா வந்தாள். கொல்லைப்புறக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இனிமேல் தண்ணீர் உள்ளே வராது பார் என்று மாமா பின்னாலேயே போய்ப் பெருமையடித்தார். அக்கா வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"புள்ள அங்கதான இருந்தா" என்றாள்.

பதினோரு வருஷத்துக்கு முன் அக்காவுக்கு எட்டாம் மாதத்திலேயே ஒரு பெண் குழந்தை, உயிரில்லாமல் பிறந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் தங்கவில்லை. அன்று நானும் மாமாவும் வெளியூரில் மண் அடித்துக்கொண்டிருந்தோம். நாங்கள் வந்து சேர்வதற்குள் பக்கத்து வீட்டம்மா, எல்லாம் ஆயிற்று, அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்றார். எல்லாம் என்றால் என்ன, எங்கே என்று மாமா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அக்கா தினமும் அந்தக் கல்லில் போய் உட்கார்ந்ததைக் காற்று வாங்குகிறாள் என்று நினைத்தோம். நாங்கள் அவளைப் பார்த்துக்கொண்ட லட்சணம் அது.

நீ சொல்லவே இல்லையே என்று மாமா முனகினார்.

"நீங்க கேக்கலையே" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "யார் யார் வீட்டு மண்ணையோ எங்க எடுத்ததுன்னு கேக்குறீங்க. இத ஒரு நாளாவது கேட்டீங்களா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். லாரியை ஓட்டியவன் எந்த முகத்தோடு பிடிப்பது?

மாமா ஒரு வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கடைசி லோடு, உச்சியில்தான் இருக்கும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அங்கே போனால் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அதை நாலாபக்கமும் இழுத்துப் பரப்பி, மற்ற மண்ணோடு கலந்து, புல்லும் பதித்துவிட்டிருந்தார்கள். காவலாளி விரட்ட வந்தார். மாமா நிற்காமல் வாளியோடு உச்சிக்கு ஏறினார். நான்தான் காரணத்தைச் சொன்னேன். காவலாளி தொப்பியைக் கழற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். மாமா மண்டி போட்டுப் புல்லைப் பெயர்த்து, கறுப்பு தெரிந்த இடத்திலெல்லாம் ஒவ்வொரு பிடியாக எடுத்தார். அவர் அழுததை நான் பார்த்தது அன்றுதான்.

வீட்டுக்கு வந்து வாளியை அக்கா முன்னால் வைத்தார். அவள் கையை விட்டு மெதுவாக அளைந்தாள். கறுப்பும் சிவப்பும் மணலுமாகக் கலந்து வந்தது.

"இதுல அவ எங்கங்க இருக்கா?"

மாமா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இருட்டத் தொடங்கியிருந்தது, யாரும் விளக்கைப் போடவில்லை. மாமா தலையைத் தூக்காமலே கேட்டார்.

"புள்ள யாரு மாதிரி இருந்தா?"

அக்கா வாளியிலிருந்து கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"மூக்கு உங்களோடது" என்றாள்.