கோணல் பாட்டிலில் ஒட்டிய காகிதம்

மருந்து கலப்பது சுலபம். அது எந்தப் பாட்டிலில் போகிறது என்று பார்ப்பதுதான் கம்பவுண்டர் வேலை, அதைப் பார்க்காமல்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகிவிட்டு நின்ற என்னை, கம்பவுண்டர்கள் யுத்தத்துக்குப் போய்விட்டதால், மயிலாப்பூர்ப் பக்கத்து சர்க்கார் ஆஸ்பத்திரியில் தற்காலிகமாகப் போட்டார்கள். மருந்து ஜன்னல் வரிசையில் கால் கடுக்க நின்றவர்களே, உள்ளே எனக்கும் நாற்காலி கிடையாது.

அத்தர் பாட்டில்

பாட்டில் கொண்டுவந்தால்தான் மருந்து. தையற்கடை பாய் ஒருவர் கட்டைவிரல் அளவு அத்தர் பாட்டிலை நீட்டினார். "இதில் ஒரு வேளைகூடப் பிடிக்காது, போய் வேறே கொண்டுவாங்க!" என்று எரிந்துவிழுந்தேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீ திட்டினதுலேயே வேர்த்துப் போச்சு தம்பி, ஜுரம் விட்டுடும்."

இனிக்கும் மருந்து

மலேரியா ஜுரத்துக்குக் கொடுக்கும் கசப்புக் கொயினாவுக்குப் பஞ்சம் வந்த சமயம். அது இல்லாத ஜுர மிக்ஸ்சரை அங்கேயே நக்கிப் பார்த்த மாமி திரும்பி வந்தார். இருப்பதைத்தானே கொடுக்க முடியும் என்றேன். கேட்டால்தானே? "கசக்காத மருந்தை ஆத்துல யாரும் நம்பமாட்டா. கொஞ்சம் கசக்கப் பண்ணிக் குடுடா அம்பி!"

ஆறு வேளை

நீளக் காகிதத்தை மடித்து ஓரத்தை வெட்டினால் வரிசையாக ஆறு பற்கள் விழும். பாட்டிலில் ஒட்டினால் ஒரு பல்லுக்கு ஒரு வேளை. ஒவ்வொரு பாட்டிலையும் அளந்து வெட்டவேண்டும். எனக்கேது பொறுமை? காலையிலேயே ஐம்பது காகிதத்தை ஒரே அளவில் வெட்டிவைத்துவிட்டேன்.

வலிப்பு வந்த குழந்தைக்குத் தூக்க மருந்து வாங்க அடையாற்றுக் குப்பத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். அடி அகன்று மேலே ஒடுங்கிய தைலப் பாட்டில். ஊற்றி, ஒட்டி, அனுப்பிவிட்டேன். அடுத்தவரும் அதே மாதிரிப் பாட்டிலை நீட்டியபோதுதான் சந்தேகம் வந்து, காகிதத்தை ஒட்டி, ஒரு வேளை அளவு தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். அடிப்பல்லில் பாதிகூட நிரம்பவில்லை. அந்தக் குழந்தைக்குக் கடைசி வேளைகள் இரட்டிப்பாகப் போகும்!

"வெளியில தெரிஞ்சா உனக்கும் வேலை போச்சு, எனக்கும் போச்சு. பேசாம இருடா," என்றார், நான் ஓடிப்போய்ச் சொன்னதும், யுத்தத்துக்குப் போகாமல் எனக்கு மேலே இருந்த பெரிய கம்பவுண்டர். பாவம், அவருக்கு நாலு பெண்கள். நான் வாட்ச்மேன் சைக்கிளில் அடையாற்றுப் பாலத்துப் பக்கம், அந்தக் குப்பத்துக்குப் பறந்தேன்.

நல்லவேளை, ஒரு வேளைதான் கொடுத்திருந்தாள். குழந்தை முழித்துக்கொண்டு கிடந்தது. அளந்து வேறு காகிதம் ஒட்டினேன். அது கோணலாகப் போய் ஒட்டிக்கொண்டது. அவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்: "இன்னா நைனா, ஒரு காயிதம் ஒட்டத் தெரியல, உன்னியப் போயி மருந்து கலக்கச் சொல்லிக்கிறாங்களே!"

திரும்பி வந்தால், ஜன்னலை விட்டு ஏன் போனேன் என்று கேட்கப் பெரிய டாக்டர் காத்திருந்தார். "அந்தப் பொம்பளைதான் பாட்டிலை மாத்திட்டான்னு சொல்லிடு," என்று கம்பவுண்டர் காதைக் கடித்தார்.

சர்க்கார் உத்தியோகத்தில் தேதி தவறாமல் சம்பளம் வரும், தெருவில் மரியாதை வரும், இரண்டும் நிலைக்க நான் அந்த ஒரே ஒரு வரியைச் சொல்லியிருந்தால் போதும், சொல்லவில்லை, காகிதத்தை வெட்டியவன் நான்தான் என்றேன்.