நாலாம் நம்பர் மெஷினும் ஐந்தாவது எலுமிச்சம்பழமும்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்தெருவில் இருக்கும் தையல் கூடத்துக்குச் சொந்தக்காரர் பெயர் சக்கரவர்த்தி. சாம்ராஜ்யம் மொத்தமே ஆறு பவர் மெஷின், ஒரு அயர்ன் டேபிள், நூல் பிசிறு வெட்ட ஒரு பெஞ்ச். ரமணாசிரமம் பக்கத்துக் கடைகளுக்கு லூசான காட்டன் பேண்ட் தைத்துக் கொடுப்பதுதான் தொழில். கடல் கடந்து ‘நான் யார்’ என்று தேடி வருகிறவர்களுக்கு, இடுப்பில் நாடா வைத்த பேண்ட் இல்லாவிட்டால் தேடல் ஓடாது போலிருக்கிறது. ஆர்டருக்குக் குறைவே இல்லை.

நாலாம் நம்பர் மெஷினில் பதினான்கு வருடமாக உட்காருபவள் அன்புச்செல்வி. அடி அண்ணாமலையிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வருவாள். பிசிறு வெட்டும் பெஞ்சில் ஆரம்பித்து, மூன்று வருடம் கத்தரியோடு மல்லுக்கட்டி, பிறகுதான் மெஷினுக்கு வந்தவள். மெக்கானிக் வரும்போதெல்லாம் டார்ச் பிடிப்பதும் அவள்தான். டார்ச் பிடிக்கிறவள் கண்ணை மூடிக்கொண்டா நிற்பாள்? மெஷினின் குடல் ஈரல் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் அதைக் கேட்க ஒருத்தர் வேண்டுமே.

வினை ஆயுத பூஜையன்று வந்தது. சக்கரவர்த்தி தன் காரின் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். வாங்கியது ஐந்து. ஒன்று மீந்துவிட்டது. இந்த ஊருக்கு வருகிற எல்லாருக்கும் ஞானம் பிறக்கிறது, இங்கேயே பிறந்தவருக்குப் பிறக்காதா? கார் மாதிரி மெஷினும் வண்டிதானே என்று தோன்றிவிட்டது. நாலாம் நம்பரின் ஊசிக்கு அடியில் பழத்தைத் திணித்தார், ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார், காலால் பெடலை ஓங்கி மிதித்தார். ‘கடக்’ என்று ஒரு சத்தம். ஊசி வளைந்தது, சாறு சுவர் வரைக்கும் தெறித்தது, எல்லாரும் கை தட்டினார்கள். அன்புச்செல்வி மட்டும் வளைந்த ஊசியையே பார்த்தாள்.

லீவு முடிந்து புது ஊசி போட்டு ஓட்டினால், தையல் விட்டுவிட்டு விழுந்தது. ஐந்து விழும், ஒன்று விழாது. மூன்று விழும், இரண்டு காணாமல் போகும். ஊசி கீழே போய் மேலே ஏறும்போது நூல் லேசாக வளையம் போடும். அடியில் சுற்றும் ஹூக் அந்த நொடியில் வந்து வளையத்தைக் கவ்வ வேண்டும். ஒரு மயிரிழை பிந்தினாலும் தையல் போச்சு. ஹூக் டைமிங் நகர்ந்திருக்கும் என்று அவள் சக்கரவர்த்தியிடம் சொன்னாள். எதனால் நகர்ந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. பூஜையால் மெஷின் கெட்டது என்று அந்தக் கூடத்தில் வாயைத் திறந்தால், அடுத்த வருடம் நசுக்குகிற பழம் அவளாகத்தான் இருக்கும்.

வைத்தியம் ஆரம்பமானது. நூலை மாற்றினார்கள். கற்பூரம் சுற்றினார்கள். வடக்கு பார்த்திருந்த மெஷினைக் கிழக்கு பார்த்துத் திருப்பினார்கள். அது கிழக்கைப் பார்த்துக்கொண்டே தையலை விட்டது. கடைசியாக வேலூரிலிருந்து செழியன் என்ற மெக்கானிக் வந்தான். எண்ணெய் விட்டான், டீ குடித்தான், மெல்லிய துணியில் மெதுவாக நாலு இழுப்பு ஓட்டினான். அப்படி ஓட்டினால் எந்த மெஷினும் நல்ல பிள்ளைதான். மெஷினில் ஒன்றுமில்லை, ஓட்டுகிற கையில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போனான்.

சக்கரவர்த்திக்கு அது வேதவாக்கு. திங்கட்கிழமையிலிருந்து நாலாம் நம்பரில் கவியா உட்காருவாள் என்றார். கவியா அவருடைய மச்சினிச்சி மகள், ஆறு வாரம் டிரெய்னிங் முடித்தவள். அன்புச்செல்வி பிசிறு பெஞ்சுக்குப் போகவேண்டும். பதினான்கு வருடம் தைத்தவளை, ஆரம்பித்த இடத்துக்கே தள்ளியாயிற்று. அவமானத்தில் அவளுக்குக் காதெல்லாம் எரிந்தது.

திங்கட்கிழமை மதியத்துக்குள் கவியாவின் பக்கத்தில் பிரிக்க வேண்டிய பேண்ட் ஒரு குவியல் சேர்ந்துவிட்டது. பாவம், மூக்கை உறிஞ்சிக்கொண்டே பிரித்தாள். சக்கரவர்த்தி சாப்பிட வீட்டுக்குப் போனார். அன்புச்செல்வி தன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. நேரே போய் ஸ்விட்சை அணைத்து, மெஷின் தலையைப் பின்னால் சாய்த்தாள். ஹூக்குக்குள் காய்ந்த சக்கையும் ஒரு விதையும் ஒட்டிக்கொண்டிருந்தன. துடைத்தாள். ஹூக்கைப் பிடித்திருக்கும் மூன்று ஸ்க்ரூவையும் தளர்த்தினாள். கையால் சக்கரத்தைச் சுற்றி, ஊசியை அடிவரைக்கும் இறக்கி, அரிசி அகலத்துக்கு மேலே ஏற்றினாள். அந்த இடத்தில் ஹூக்கின் மூக்கை ஊசிக் காதுக்குச் சற்று மேலே, உரசியும் உரசாமலும் நிற்கவைத்து ஸ்க்ரூவை முடுக்கினாள். இதற்குத்தான் வடக்கும் கிழக்கும்.

தலையை நிமிர்த்தும்போது பின்னால் சக்கரவர்த்தி நின்றார்.

“யாரக் கேட்டும்மா தொறந்த?”

இனி மூடி வைத்து என்ன ஆகப்போகிறது? விதையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். “எலுமிச்சம்பழத்துல ஊசி மாட்டி ஹூக் நகந்துடுச்சு சார். பூஜையன்னைக்கே போச்சு. என் கையில கோளாறு இல்ல.”

அயர்ன் டேபிள் ரேணுகாம்பாள் அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சக்கரவர்த்தி விதையைப் பார்க்கவே இல்லை. கவியாவைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னார். நான்கு மடிப்பு சேரும் தொடைத் தையல், வேகமாக ஓடியது, ஒன்றுகூட விடவில்லை. அவர் முகம் மலர்ந்தது. கிழக்கே திருப்பிய பலன் லேட்டாகத்தான் தெரியும் என்று விளக்கம் வேறு கொடுத்தார். பிறகு பெரிய மனதோடு ஒரு பதவியும் தந்தார்.

“மெஷின் நல்லாயிடுச்சு, கவியாவே ஓட்டட்டும். நீ பெஞ்சுல உக்காந்துகினே ஆறு மெஷினையும் பாத்துக்க.”

அன்புச்செல்வி கவியாவை ஓரமாக நகரச் சொல்லி, ஸ்விட்சை மறுபடி அணைத்து, மெஷின் தலையைச் சாய்த்து, ஸ்க்ரூ டிரைவரை ஹூக்கில் வைத்தாள். மூன்றில் இரண்டு ஸ்க்ரூ தளர்ந்துவிட்டது.

“என்னம்மா பண்ற?”

“நான் தொறக்கறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ, அப்படியே வச்சிட்டுப் போறேன் சார். செழியன் வந்து பாக்கட்டும்.”

சக்கரவர்த்தி குவியலைப் பார்த்தார். அந்த வாரமே செங்கம் ரோடு கடைக்குப் போகவேண்டிய மூட்டைகளைப் பார்த்தார். கவியா தன் கத்தரியை எடுத்துக்கொண்டு பிசிறு பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு நிம்மதியாகவே இருந்திருக்கும்.

“சரி, சரி. உன் மெஷினு, நீயே உக்காரு.”

அவள் உடனே உட்காரவில்லை. சக்கரத்தைச் சுற்றி, ஊசியை இறக்கி ஏற்றி, ஹூக்கை மறுபடி சரிபார்த்து, ஒவ்வொரு ஸ்க்ரூவாக நிதானமாக முடுக்கினாள். அது முடிகிறவரைக்கும் சக்கரவர்த்தி டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார்.