ஸ்கேல் வைத்துத் தட்டச்சு செய்தவர்

மனைவி இறந்த மறுவருஷம், அவளைப் பற்றி நான் எழுதியதைச் சொந்தச் செலவில் புத்தகமாக்க நினைத்து, செங்கல்பட்டில் ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்தேன். தட்டச்சு செய்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். தாடியில் மருதாணிச் சிவப்பு. உடைந்த மூக்குக்கண்ணாடியை நூலால் காதில் மாட்டியிருப்பார். என் கையெழுத்துத் தாளின் மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்து, ஒரு வரியை அடித்து முடித்த பிறகுதான் அடுத்த வரிக்கு நகர்த்துவார்.

நான் குடியிருந்த அணுபுரத்திலிருந்து பஸ்ஸில் போய், கடையிலேயே உட்கார்ந்து புரூப் பார்ப்பேன். சிவப்புப் பேனாவுக்கு அதிகம் வேலை இருக்காது.

“நான் எழுதினது எப்படி இருக்கு பாய்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எனக்கு இன்னா சார் தெரியும்? நான் வரிய மட்டும்தான் பாப்பேன். கதைய பாத்தா கை நின்னுடும்.”

அவள் போன பிறகான வருஷத்தை நானும் அப்படித்தான் ஓட்டியிருந்தேன்.

கடைசி அத்தியாயம், அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள். அந்தப் புரூப்பில் மட்டும் ஏகப்பட்ட தப்பு. சில வரிகள் விட்டுப்போயிருந்தன, சில இரண்டு முறை வந்திருந்தன. விட்டதை ஓரத்தில் எழுதி, அதிகப்படியைக் கோடிட்டு அடித்து, எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்தேன்.

“என்ன பாய், இதுல மட்டும் இவ்ளோ தப்பு?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஸ்கேல் வைக்கல சார்.”

அவளை அவர் பார்த்ததுகூட இல்லை. அந்தப் பக்கங்களைத் திருத்தியபோது, சிவப்புப் பேனா பிடித்த என் கை மட்டும் ஓரிடத்திலும் நிற்கவில்லை.