கோபாலசிங்கத்தாரும் நம்பர் பொருத்தமும்

கோபாலசிங்கத்தார் பலெர்மோவில் பத்து வருடமாக சிஞோரா என்று எல்லோரும் அழைக்கும் ஓர் இத்தாலிய அம்மாவின் வீட்டில் தரை துடைத்தார், கடைக்குப் போனார், பூமரங்களுக்குத் தண்ணீர் விட்டார். அது அவருடைய வேலை. அவருடைய மதிப்பு வேறிடத்தில் இருந்தது. போர்கோ வெக்கியோவிலிருந்து ஒரேத்தோ வரைக்கும் எந்தத் தமிழ் வீட்டில் கலியாணப் பேச்சு எழுந்தாலும், பெண்ணின் சாதகமும் மாப்பிள்ளையின் சாதகமும் முதலில் அவருடைய சமையலறை மேசைக்குத்தான் வரும். அவர் கண்ணாடியைப் போடுவார், விரல் விட்டு எண்ணுவார், கூரையைப் பார்ப்பார். பிறகு "பொருந்தும்" என்பார், அல்லது "பொருந்தாது" என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

தொண்ணூற்றேழாம் ஆண்டு தை மாதத்தில் அந்த மேசைக்கு ஒரு கேக் பெட்டி வந்தது. கொண்டு வந்தவன் றொனி. மன்னார்ப் பெடியன், ஒரேத்தோவில் ஒரு கார் திருத்தும் கடையில் வேலை. கேட்க வந்தது கோபாலசிங்கத்தாரின் ஒரே மகள் ஆரணியை.

"மாமா, நான்..." என்று தொடங்கினான்.

"நான் உனக்கு மாமா இல்லை. குறிப்புக் கொண்டு வந்தனியோ?"

"நாங்கள் வேதக்காரர், ஐயா. எங்களுக்குக் குறிப்பு எழுதிறேல்லை."

"பிறந்த நேரம்?"

"மாதா கோயில் பூசை முடிஞ்சு சனம் வெளியிலை வரேக்கை எண்டு அம்மா சொல்லுறவ."

"எந்தப் பூசை? காலமையோ, பின்னேரமோ?"

றொனிக்கு அது தெரியவில்லை. நேரம் இல்லாமல் லக்கினம் எங்கே, லக்கினம் இல்லாமல் பொருத்தம் எங்கே? கோபாலசிங்கத்தார் கேக்கில் ஒரு துண்டைச் சாப்பிட்டுவிட்டு, பெடியனை மரியாதையாகப் படி வரைக்கும் கொண்டு போய் விட்டார். ஆரணி அதற்குப் பிறகு ஒரு கிழமை தகப்பனோடு இத்தாலியனில் மட்டும் கதைத்தாள். மனைவி ஞானம்பிகை எல்லா மொழியிலும் கதைப்பதை நிறுத்திவிட்டார்.

இந்த நிலைமையில்தான் கார் வந்து சேர்ந்தது.

சிஞோராவுக்கு நகருக்கு வெளியே சியாகுல்லியில் ஒரு மந்தரின் தோடம்பழத் தோட்டம். தோட்டத்துக் கொட்டிலில், செத்துப் போன கணவர் ஆசையாக வைத்திருந்த ஓர் அமெரிக்கக் கார் நின்றது. அறுபத்தொன்பதாம் ஆண்டுப் பொன்ரியாக், ஜி.ரி.ஓ. கரும்பச்சை நிறம், இரண்டே கதவு. சனிக்கிழமை தோறும் அதைத் துடைப்பது கோபாலசிங்கத்தாரின் வேலை. தரையைத் துடைக்கும்போது வராத ஒரு பாட்டு, காரைத் துடைக்கும்போது அவர் வாயில் வந்தது. யாருமில்லாத நேரத்தில் கதவைத் திறந்து உள்ளே இருப்பார், இரண்டு கையையும் சுக்கானில் வைப்பார், பிறகு யாரோ பிடித்துவிட்டது போல இறங்கி மறுபடியும் துடைப்பார். காதல் கலியாணத்தின் பரம எதிரிக்கு என்ன நடந்திருக்கிறது என்று அவருக்கே விளங்கவில்லை.

பழப்பெட்டி அடுக்கக் கொட்டில் வேண்டும், காரை விற்கப் போகிறேன் என்று சிஞோரா சொன்னார். "நான் எடுக்கிறேன்" என்று கோபாலசிங்கத்தாரின் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"உங்களுக்கு விசரோ?" என்றார் ஞானம்பிகை. மூன்று கிழமை மௌனம் அந்த ஒரு கேள்வியில் உடைந்தது. "ஒரு சின்ன பியற் கார் காணாதே? சந்தைக்குப் போக ஏன் கப்பல்?"

"நான் சும்மா எடுப்பனோ? எல்லாம் தீர விசாரிச்சுத்தான் எடுப்பன்" என்றார் அவர்.

விசாரணை தொடங்கியது. பழைய கார் வாங்கும்போது காந்தம் கொண்டு போக வேண்டும், துருப்பிடித்த இடத்தில் பசை பூசி மறைத்திருந்தால் அங்கே காந்தம் ஒட்டாது என்று செத்தவரின் பழைய சஞ்சிகை ஒன்றில் வாசித்தார். வீட்டில் இருந்த ஒரே காந்தம், குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த, பலெர்மோவின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியா மாதா. அது அந்தக் கதவுக்கு எப்படி வந்தது என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஆரணிக்கு மட்டும் தெரியும்.

மாதாவைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சியாகுல்லிக்குப் போனார். முகத்திலிருந்தே தொடங்குவோம் என்று காரின் மூக்கில் வைத்தார். மாதா தொப்பென்று விழுந்தார். பக்கத்தில் வைத்தார். விழுந்தார். மூக்கு முழுக்கப் பசை! இத்தனை வருடமும் பசைக்கா பாட்டுப் பாடினேன் என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. பெண்ணுக்கு முகத்தில் இருப்பது முழுக்கப் பூச்சு என்று தெரிந்துகொண்ட மாப்பிள்ளையாக மரத்துக்குக் கீழே குந்தினார்.

கேட்க யார் இருக்கிறார்கள்? கார் தெரிந்த தமிழன் ஊர் முழுக்கத் தேடினாலும் ஒருத்தன்தான். மானத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஒரேத்தோவுக்குப் போனார்.

றொனி ஒரு காருக்குக் கீழே படுத்திருந்தான். சப்பாத்தை வைத்தே ஆளை அறிந்து உருண்டு வெளியே வந்தான். கதையைக் கேட்டுவிட்டுச் சிரிக்காமல் இருக்க அவன் பட்ட பாடு பெரிது.

"ஐயா, அந்தக் காருக்கு மூக்கு இரும்பில்லை. கொம்பனியே றப்பரிலைதான் செய்தது. இடிபட்டால் நெளியாமல் இருக்க."

"பிறவியிலையே அப்பிடியோ?"

"பிறவியிலையே."

கோபாலசிங்கத்தாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றைக்கே ஒரு பலகையில் குந்திப் பாடம் கேட்கத் தொடங்கினார். அடுத்தடுத்த பின்னேரங்களிலும் போனார். மசில் கார் என்றால் நடுத்தர உடம்புக்குள் மிகப்பெரிய எஞ்சின் வைத்தது. நேரே ஓடச் சொன்னால் பறக்கும், திரும்பச் சொன்னால் யோசிக்கும். நிற்கச் சொன்னால் இன்னும் கொஞ்சம் யோசிக்கும்.

"ஜி.ரி.ஓ. எண்டால் என்ன?"

"கிறான் துரிஸ்மோ ஒமொலொகாத்தோ. ஆள் அமெரிக்கன், பேர் இத்தாலியன்."

ஒமொலொகாத்தோ! அங்கீகாரம் பெற்றது! பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக்காகக் குவெஸ்தூராப் பொலிஸ் வாசலில் மழையிலும் வெயிலிலும் நின்ற மனிதர் அவர். பேரிலேயே அனுமதிப் பத்திரத்தை ஒட்டிக்கொண்டு பிறந்த காரை நினைத்து எழுந்தே நின்றுவிட்டார்.

"அங்கீகாரம் உண்மையாய்க் கிடைச்சதோ?"

"அது எனக்குத் தெரியாது, ஐயா. பேரிலை கிடக்கு."

பிறகு றொனி முக்கியமான பாடத்துக்கு வந்தான். முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு தகடு இருக்கும். அதில் இலக்கம் இருநூற்று நாற்பத்திரண்டில் தொடங்கினால் அசல். இருநூற்று முப்பத்தேழு என்றால் சாதாரணக் காருக்குப் பட்டுச் சீலை உடுத்தி விட்டிருக்கிறார்கள். அது சரியென்றால், அந்தத் தகட்டு இலக்கத்தின் கடைசிப் பகுதி எஞ்சினின் நெற்றியிலும் அடித்திருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப் போனால்தான் உடம்பும் எஞ்சினும் ஒன்றாகப் பிறந்தவை. "இதைத்தான் நம்பர் மச்சிங் எண்டு சொல்லுறது. அது இல்லாட்டி மதிப்பில்லை எண்டு பெரிய ஆக்கள் திரும்பியும் பாக்க மாட்டினம்."

கோபாலசிங்கத்தார் தொடையில் ஓங்கித் தட்டினார். "பொருத்தம்! இதைத்தானேயடா நான் இவ்வளவு காலமும் கத்திறன்! அமெரிக்கனுக்கு விளங்குது, எங்கடை சனத்துக்கு விளங்கேல்லை!"

றொனி கையை எண்ணெய்த் துணியில் துடைத்தான். அவன் முகம் வாடியதை அவர் பார்த்தார். பார்க்காதது போல இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கும் படலம். கோபாலசிங்கத்தார் இஸ்திரி போட்ட சேட்டோடும், ஞானம்பிகை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டும், ஆரணி வேண்டாவெறுப்பாக வருவது போல நடித்துக்கொண்டும் சியாகுல்லியில் இறங்கினார்கள். றொனி திருத்தும் சாமான் பெட்டியோடு முதலே வந்து நின்றான். சிஞோரா ஒரு கூடை மந்தரின் கொண்டுவந்து வைத்தார்.

முதலில் தகடு. இருநூற்று நாற்பத்திரண்டு! கோபாலசிங்கத்தார் கும்பிட்டார். பிறகு சாந்தா ரொசாலியா மாதா காரைச் சுற்றி வலம் வந்தார். மூக்கைத் தவிர, பின்சில்லுக்கு மேலே ஓரிடத்தில் மட்டும் விழுந்தார். "சின்னத் தழும்பு, பரவாயில்லை" என்றார் மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற கோபாலசிங்கத்தார்.

றொனி எஞ்சினுக்குள் தலையை விட்டு, ரோச் அடித்து, துணியால் தேய்த்து, மறுபடியும் பார்த்தான். நிமிர நேரம் எடுத்தது.

"தில்லி தி ஸீ" என்று ஆரணி வாய்க்குள் இத்தாலியனில் முணுமுணுத்தாள். ஓம் என்று சொல்லு. பத்து வருடமாகத் தகப்பனும் இத்தாலியன் பேசுகிறார் என்பது அந்த அவசரத்தில் அவளுக்கு மறந்துவிட்டது. அவருக்கு நன்றாகவே கேட்டது.

றொனி அவளைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். "பொருந்தேல்லை, ஐயா. இது வேறை எஞ்சின்."

சிஞோரா கையை விரித்தார். பழைய எஞ்சினைத் தன் கணவர் ஓட்டி ஓட்டி எரித்துவிட்டாராம். கத்தானியாப் பக்கத்தில் இருந்த ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் வாகனத்திலிருந்து இருபது வருடத்துக்கு முன் இதை எடுத்துப் போட்டாராம். பிள்ளைகுட்டிகளை ஏற்றி இறக்கும் பெரிய குடும்ப வாகனம்.

கோபாலசிங்கத்தார் காரில் வைத்திருந்த கையை எடுத்தார். பொருந்தாது என்றால் பொருந்தாதுதான். எத்தனை வீட்டில் எத்தனை பேருடைய முகத்துக்கு நேரே அதைச் சொல்லியிருக்கிறார்! ஒரு பொய் சொன்னால் தன்னிடம் நல்ல பெயர் எடுத்திருக்கலாம், அதைச் சொல்லாமல் விட்டானே இந்தப் பெடியன் என்பதும் அவருக்குள் எங்கோ உறைத்தது.

"வந்ததுக்கு ஒருக்கா ஸ்ராட் பண்ணிப் பாப்பமே?" என்றான் றொனி.

சாவியைத் திருப்பினான். கார் ஒரு முறை இருமியது. பிறகு கொட்டிலின் தகரமெல்லாம் அதிர ஓர் உறுமல். பிறகு அது அடங்கி, ஆழமான, சீரான ஒரு சத்தமாக நின்றது. தோட்டத்துப் பறவை எல்லாம் எழும்பிப் பறந்தன. கோபாலசிங்கத்தாருக்கு மயிர் கூச்செறிந்தது.

"இஞ்சை பாருங்கோ!" என்று அவர் கத்தினார். "சொந்த எஞ்சின் இல்லாட்டி என்ன? வேறை வீட்டிலை பிறந்தது, அவ்வளவுதானே! இருபது வருசமா ஒரே மூடிக்குக் கீழை ஒரு சண்டை சச்சரவில்லாமல் ஓடியிருக்கு! கேளுங்கோ சத்தத்தை! நம்பரிலை என்ன கிடக்கு? ரண்டும் மனம் ஒத்துப் போட்டுது. மனம் ஒத்தால் பேந்து என்ன பொருத்தம் வேண்டிக் கிடக்கு?"

றொனி எஞ்சினை நிறுத்தினான். ஞானம்பிகை ஒரு மந்தரின் சுளையை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே வைத்திருந்தார். ஆரணி கண் வெட்டாமல் தகப்பனையே பார்த்தாள். அப்போதுதான் அவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

"கார் விசயம் வேறை" என்று இருமிவிட்டு, சிஞோராவிடம் அவசரமாக விலை பேசப் போனார்.

கார் அவர் பெயருக்கு மாறச் சில கிழமைகள் எடுத்தன. அந்த நாட்களில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆரணி தமிழிலும் இத்தாலியனிலும் வெறும் "ஓம்", "இல்லை" மட்டும் சொன்னாள். இரவில் அவள் அறையில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவருக்கு அது தெரியும். சோறு இறங்கவில்லை.

காரை வீட்டுக்கு எடுத்து வரும் நாளில், அந்தக் காரின் கிளச் பழக்கமில்லாததால், றொனியைப் பக்கத்தில் ஏற்றினார். பெண்கள் இருவரும் முன் இருக்கையை மடித்துப் பின்னால் நுழைந்தார்கள். ஞானம்பிகையின் சீலை ஏதோ ஒன்றில் மாட்டியது. பெரிய தெருக்களில் கார் ராசா மாதிரி வந்தது. சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. போர்கோ வெக்கியோவுக்குள் நுழைந்து தன் ஒழுங்கையில் திருப்பினார். கொஞ்சத் தூரம் போனது. பிறகு இரண்டு பக்கமும் கர்ரென்று ஒரு சத்தம். கார் நின்றுவிட்டது.

மூக்கிலிருந்து வால் வரைக்கும் விசாரித்த மனிதர், தன் வீட்டு ஒழுங்கையின் அகலத்தை மட்டும் விசாரிக்கவில்லை.

இடது கதவு சுவரில். வலது கதவு எதிர்ச் சுவரில். "மீத்சிக்கா!" என்று மேல்மாடிகளிலிருந்து ஒரே கூச்சல். மீன்காரர் வந்து சில்லைப் பார்த்தார், பழக்காரர் வந்து சுவரைப் பார்த்தார், ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். யாரோ யன்னல் வழியாகக் கோப்பி நீட்டினார்கள்.

"இஞ்சாருங்கோ" என்றார் ஞானம்பிகை பின்னாலிருந்து. குரல் மிக மெதுவாக இருந்தது. "இப்ப நீங்கள் ஒரு இடமும் ஓடேலாது. அண்டைக்குத் தோட்டத்திலை சொன்னது காருக்கு மட்டுமோ?"

கோபாலசிங்கத்தார் கதவைத் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. கண்ணாடியில் பார்த்தார். அதில் ஆரணியின் முகம் இருந்தது. கண் கலங்கியிருந்தது. சட்டென்று வேறு வழியில்லாமல் எஞ்சினைப் போட்டு, கிளச்சை விட்டார். கார் சுவர்களை உரசிக்கொண்டு பழமும் மரக்கறியும் விற்கும் கடையை நோக்கிப் பாய்ந்தது.

"மாமா! பிறேக்! பிறேக்!"

கால் பிறேக்கில் விழுந்தது. ஒரு பெட்டிக் கத்தரிக்காய்க்கு ஒரு சாண் முன்னால் றப்பர் மூக்கு நின்றது.

"என்ன சொன்னனீ?" என்றார் கோபாலசிங்கத்தார்.

"பிறேக் எண்டனான்."

"அதுக்கு முதல்."

றொனி முன்னால் ஊன்றியிருந்த கையை எடுத்தான். "மாமா எண்டு வாய் தவறி வந்திட்டுது, ஐயா."

கோபாலசிங்கத்தார் லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். கண்ணையும் துடைத்தார். "மாமா எண்டால் மாமா எண்டே சொல்லு. பேந்தென்ன நடுவிலை ஐயா?" என்றார். "சரி, இப்ப எந்தப் பக்கம் வெட்டிறது, மருமோன்?"

பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து தகப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டன. றொனி அழுகிறானா சிரிக்கிறானா என்று சொல்ல முடியவில்லை.

"ஒரு பக்கமும் வெட்டேலாது, மாமா. பின்னுக்குத்தான் போகவேணும்."

போர்கோ வெக்கியோவே கூடி நின்று காரைப் பின்னால் தள்ளியது. அது திரும்பவும் சியாகுல்லிக்கே போய், பழப்பெட்டிகளுக்கு நடுவே நின்றது. கோபாலசிங்கத்தார் முன்பு போலவே சனிக்கிழமை தோறும் பஸ் ஏறிப் போய் அதைத் துடைக்கிறார். இன்றைக்கும் யாராவது இரண்டு குறிப்புகளோடு வந்தால் கண்ணாடியைப் போட்டு, விரல் விட்டு எண்ணி, கூரையைப் பார்க்கிறார். பொருந்தாவிட்டால் பொருந்தாது என்றுதான் சொல்கிறார். ஆனால் வந்தவர்கள் எழும்பும்போது, "ஒருக்கா ஸ்ராட் பண்ணிப் பாத்தனீங்களோ?" என்று கேட்கிறார்.