நண்டு வெட்டிய வக்கடை

பாதை கரையைத் தொடுமுன்பே மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு முண்டியடிக்கும் இளந்தாரியைப் பார்த்து, யோகராசா சேர் இரண்டு விரலை உயர்த்துகிறார். பக்கத்தில் நிற்பவரிடம், "ரெண்டாம் படி. தனக்கு லாபமெண்டா எல்லாம் சரி" என்கிறார். குருக்கள்மடத்திலிருந்து வாவியைக் கடந்து அம்பிளாந்துறைக்குப் போகும் படகைத்தான் ஊரில் பாதை என்கிறார்கள். சேருக்கு அது வகுப்பறை. பொலிஸைக் கண்ட பிறகு தலைக்கவசம் மாட்டுகிறவன் முதலாம் படி. நாலு பேர் மெச்சவென்று பிள்ளைத்தாய்ச்சிக்கு இடம் விடுகிறவர் மூன்றாம் படி.

ஆசிரியர் கலாசாலையில் கல்வி உளவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மனிதனின் அறம் படிப்படியாக வளர்கிறது என்ற கோட்பாடு அவருக்குத் தேவாரம் மாதிரி. தண்டனைப் பயத்தில் தொடங்கி, ஆதாயம், நல்ல பெயர், சட்டம் என்று ஏறிப் போய், உச்சியில் யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் மனச்சாட்சிக்குக் கட்டுப்பட்டு நிற்பது. "அறுபதுக்கு மேலயும் மனிசன் வளருவான். சாகுமட்டும் வளருவான்" என்பார். தான் மட்டும் வளர்ந்து முடிந்துவிட்ட நினைப்பு அந்தப் பேச்சில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். மனைவி புஸ்பம் விடமாட்டார். "படியெல்லாம் ஏறி முடிஞ்சா, இறங்கி வந்து இந்தத் தேங்காயத் திருவித் தாங்க."

படிகளை விட்டால் சேருக்கு உலகம் வெல்லாவெளிப் பக்கமுள்ள வயல்தான். ஓய்வுக்குப் பிறகு தானே இறங்கிச் செய்கிறார். போன போகம் பாதிக்கு மேல் மணி பிடிக்காத சப்பி. இந்த முறையும் பிழைத்தால் காணியைக் குத்தகைக்கு விட்டுவிட வேண்டும் என்று புஸ்பம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இப்போது பயிர் குடலை. கதிர் இன்னும் வயிற்றுக்குள். இந்த நேரத்தில் தண்ணீர் தவறினால் மறுபடியும் சப்பிதான். குளத்துத் தண்ணீரோ ஆளுக்கொரு முறை வைத்து வருகிறது.

ஒரு நாள், தண்ணீர் முறை கீழ் வயல்காரர் கதிர்காமத்தம்பியுடையது. காலையில் சேர் போய்ப் பார்த்தால், தன் வயலில் கணுக்காலளவு தண்ணீர் மினுங்குகிறது. நீர் விட வரம்பில் வெட்டும் வழியை வக்கடை என்பார்கள். இது நண்டு வெட்டிய வக்கடை. வாய்க்கால் வரம்பில் இருந்த வளைக்குள்ளால் கதிர்காமத்தம்பியின் தண்ணீர் குடுகுடுவென்று இவர் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. கீழ் வயலில் பாதி காய்ந்து கிடந்தது.

சேர் சுற்றிப் பார்த்தார். ஒரு குருவி இல்லை. பிறகு நடந்ததை அவர் வாயாலேயே கேட்க வேண்டும். "முதல்ல, தண்ணி முறை பாக்கிற வட்டை விதானை இஞ்சால வரல்லதானே எண்டு நினைச்சன். மறுகா, களவெடுத்தது நண்டு, நானில்லையே எண்டு நினைச்சன். மறுகா, ஊருக்குத் தெரியவா போகுது எண்டும் நினைச்சன். படிப்பிச்ச படி ஒவ்வொண்டிலயும் நிண்டு பாத்தன். எல்லாம் வசதியாத்தான் இரிந்திச்சு."

வெட்கமாக இருந்தது, தண்ணீரைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது. கடைசியில் சேற்றை அள்ளி வளையை அடைத்துக் குதிக்காலால் மிதித்தார். அதற்குள் கதிர்காமத்தம்பி மண்வெட்டியோடு வந்துவிட்டார்.

"நண்டா சேர்? நல்லவேளை கண்டீங்க. வந்த தண்ணி கிடக்கட்டும். உங்கட பயிரும் குடலைதானே."

நல்ல பெயரும் கிடைத்தது, தண்ணீரும் கிடைத்தது. அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

சேர் சாரத்தை மடித்துக் கட்டினார். "அந்த மண்வெட்டிய இஞ்ச தா, தம்பி" என்று வாங்கிக்கொண்டு, தன் வயலின் கீழ் வரம்புக்கு நடந்தார். பழக்கமில்லாத கையால் ஓங்கி வெட்டினார். தண்ணீர் அவர் பயிரை விட்டுக் கீழ் வயலுக்குள் சரிந்தது.

"காணும் சேர், போதும்!" என்று கதிர்காமத்தம்பி கத்தினார்.

சேர் இன்னும் ஒரு வெட்டு வெட்டினார்.