பீப்பாயைத் தட்டுகிற மாதிரி

ஆஸ்பத்திரியில் என் முதுகில் ஊசி குத்தி எடுத்த நீர் கண்ணாடி ஜாடியில் கரும்புச்சாறு மாதிரி மஞ்சளாய், கலங்கலாய் இருந்தது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டதாம். வெட்டுக்காலம் முழுக்க இருமிக்கொண்டே கரும்பு வெட்டினேன். கடைசிப் பாரம் ஆலைக்குப் போன அன்று மூச்சு விட முடியாமல் வயலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஊசிக்கு முன்னால் டாக்டர் என் முதுகில் ஒரு விரலை வைத்து, இன்னொரு விரலால் அதன்மேல் தட்டிக்கொண்டே கீழே வந்தார். மேலே டொக் டொக்கென்று கேட்டது. கீழே வர வர சத்தம் செத்துப்போயிற்று. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான், அவர் படம் போட்டுக் காட்டியது எதுவும் மண்டையில் ஏறவில்லை. ஆனால் இது ஏறியது. எங்கள் வீட்டு மழைத்தண்ணீர்ப் பீப்பாயை என் மனைவி தினம் காலையில் அப்படித்தான் தட்டிப் பார்ப்பாள். தண்ணீர் எதுவரை நிற்கிறதோ, அதுவரை பீப்பாய் பேசாது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்கள் தீவின் க்ரெயோல் பேச்சில் கண்டிப்பாகச் சொன்னார்: முட்டை தின்னு, கோழிச்சாறு குடி, உடம்பு தேறாவிட்டால் டிலோ திரும்பி வரும். டிலோ என்றால் தண்ணீர். எங்கள் ஊர் ட்ரியோலே வந்து சேரும்வரை வண்டியில் அந்த ஒரு சொல்லைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

வாசலில் நின்ற என் மனைவியின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்தது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உயிரோடு வந்தால் தீ மிதிக்கிறேன் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டாளாம். காப்புக் கட்டிய வீட்டுக்குள் முட்டையும் கறியும் நுழையக் கூடாது. நுழைந்தால் பூக்குழி காலைச் சுட்டுவிடும். எங்கள் பக்கத்தில் இதைச் சந்தேகப்பட்டவர்கள் யாரும் இல்லை, நானும் இல்லை.

"அடுத்த வருசம் மிதிச்சா ஆவாதா?" என்றேன்.

"ஒங்க உசுர அடுத்த வருசம் தரேன்னு அம்மன் சொன்னாளா?"

எதிர்வீட்டில் இருந்த என் அண்ணன்தான் வழி சொன்னார். "முட்டைய எங்க வூட்ல வேகவச்சுத் தரேன்டா. நீ மாட்டுக்கொட்டாய்ல படு. அது வூட்டுல சேத்தி இல்ல."

"கொட்டாய்க்கும் அடுப்படிக்கும் ஒரே தகரக் கூரை அண்ணே."

"அப்ப ஏறிப்போய் நடுவுல கோடு போட்டுட்டு வரட்டா?"

அவள் என் பாயைச் சுருட்டிக் கொட்டகைப் பக்கம் வைத்தாள். பசுவைப் புளியமரத்தடிக்கு மாற்றினோம்.

அது கடும் வெயில் காலம். தகரத்தின் அடியில் காற்று அசையவில்லை. ஊசி போன இடம் இழுத்துப் பிடித்தது. படுத்தால் மூச்சு முட்டியதால் தவிட்டு மூட்டையில் சாய்ந்தபடியே கிடந்தேன். அண்ணன் முட்டை கொண்டு வருவார். ஒவ்வொரு வாய்க்கும் அவள் பாதங்கள்தான் என் கண்ணில் நின்றன. சில நாள் பாதியை நாய்க்குப் போட்டுவிடுவேன். மறுநாள் மூச்சு கொஞ்சம் திணறினாலும் அந்தப் பாதியை நினைத்துப் பதறுவேன்.

அவள் என்னைத் தொடக் கூடாது. பாலைக் கொட்டகைக் கம்பத்தடியில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள்.

"மூச்சு எப்படி?"

"வருது, போவுது."

"வந்தா சரி."

நெஞ்சை நானே தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டேன். முன்பக்கம் டொக்கென்றுதான் கேட்டது. ஆனால் நீர் நின்றது பின்பக்கம், அங்கே என் கை எட்டவில்லை. அண்ணனைத் தட்டச் சொன்னேன். கத்தி பிடித்துக் காய்த்த கை, பலகையில் ஆணி அடிப்பது போல அடித்தார்.

"என்னா கேக்குது அண்ணே?"

"நீ இருமறது கேக்குது."

தீமிதி அன்று ஊர்வலம் எங்கள் வாசல் வழியாகத்தான் போனது. மஞ்சள் புடவையில், தலையில் வேப்பிலை சுற்றிய செம்போடு அவள் போனாள். என் பக்கம் திரும்பவில்லை. கோயில்வரை நடக்க எனக்குத் தெம்பு கிடையாது. தூரத்தில் மேளம் உச்சத்துக்குப் போய் நிற்பதும், ஜனங்கள் கத்துவதும், மறுபடி மேளம் தொடங்குவதும் கேட்டன. எந்தக் கத்தல் அவளுக்கானது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் நடுங்கினேன்.

சாயங்காலம் அண்ணனும் அண்ணியும் அவளை இரண்டு பக்கமும் தாங்கிக் கொண்டுவந்தார்கள். இரண்டு பாதத்திலும் தோல் கொப்பளித்து உரிந்திருந்தது.

"எல்லாரும் பூ மேல நடந்தாப்ல போனாங்க. இவளுக்கு மட்டும்..." என்ற அண்ணி, கொட்டகை ஓரம் கிடந்த முட்டை ஓடுகளைப் பார்த்தாள்.

"அதெல்லாம் இல்லக்கா. நடுவுல நின்னுட்டேன்."

"நெருப்புல எவளாவது நிப்பாளா?"

"கூட்டத்துல எவனோ இருமினான். இவரு எழுந்து வந்துட்டாரோன்னு திரும்பினேன்."

இன்றுவரை எனக்கு இரண்டில் எது உண்மை என்று தெரியாது. இரண்டும் நான்தான்.

காப்பு அவிழ்த்த பிறகு அவள் செய்த முதல் வேலை, உட்கார்ந்தபடியே நகர்ந்து கொட்டகைக்கு வந்ததுதான். "திரும்புங்க" என்றாள். என் முதுகில் விரலை வைத்து, பீப்பாயைத் தட்டுகிற மாதிரியே மேலிருந்து தட்டிக்கொண்டு வந்தாள். டொக். டொக். தோள்பட்டைக்குக் கீழே கொஞ்ச தூரம் வந்ததும் சத்தம் செத்தது. அவள் விரல் அங்கேயே நின்றது. நானும் காது கொடுத்தேன். புளியமரத்தடியில் பசு வாலைச் சுழற்றுகிற சத்தம் மட்டும் இருந்தது.

"எதுவரைக்கும்?"

"பாதிவரைக்கும்தான் தண்ணி."

பீப்பாய் விஷயத்தில் அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

மறுநாள் விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போக அண்ணன் மாட்டு வண்டியைப் பூட்டினார். பாதங்களை வைக்கோல் சாக்கின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். படுக்க முடியாத நான் அவள் மேல் சாய்ந்துகொண்டேன். இரண்டு பக்கமும் வெட்டி முடிந்த கரும்புக் கட்டைகள்.

"ஒருத்தருக்குக் கால் இல்ல, ஒருத்தருக்கு மூச்சு இல்ல," என்றார் அண்ணன், திரும்பிப் பார்க்காமல். "ரெண்டு பேரையும் சேத்துக் கட்டினா ஒரு ஆள் தேறும்."

அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரித்தால் வலிக்கும்.

மறுபடியும் ஊசி. இந்தத் தடவை நான் ஜாடியைப் பார்க்கவில்லை. அதை வராந்தா வழியாக எடுத்துப் போனபோது, அங்கே பெஞ்சில் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த அவள் பார்த்தாள். வெளியே வந்ததும் அவளிடம் கேட்டேன்.

"கொறைச்சலா இருந்துச்சா?"

"போன தடவ நான் பாக்கலியே," என்றாள்.