ஒரு பக்கம் கேட்டால்தான் தட்டு

இடது முழங்கை போட்டோக்கொப்பி மெஷினின் மூடியை அழுத்திக்கொண்டிருக்கும். வலது கை பிளேயரில் கிடக்கும் இசைத்தட்டை மறுபக்கம் புரட்டிப் போடும். மெஷினின் பச்சை வெளிச்சம் ஓடி முடிவதற்குள் ஊசி தட்டில் இறங்கிவிட வேண்டும், இறங்கிவிடும். அடையாள அட்டைக்குக் கொப்பி எடுக்க வந்தவர் "அக்கா, கொஞ்சம் கெதியா..." என்று வாயெடுத்தால், "ரெண்டு கைதானே தம்பி ஆண்டவர் தந்தவர்!" என்று திரும்பிப் பாராமலே சீறுவார் அருள்மலர்.

திருகோணமலை உட்துறைமுக வீதியில் அவருடைய கடைக்குப் பெயர் 'தேன்துளி ரெக்கோடிங் பார்'. பத்தொன்பது வயதில் அங்கே சம்பளத்துக்குச் சேர்ந்தவர். ஆட்கள் தங்களுக்குப் பிடித்த பாட்டுகளைத் துண்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். இசைத்தட்டிலிருந்து அவற்றைக் கசெட்டில் பதிந்து, உள்ளட்டையில் ஒவ்வொரு பாட்டின் முதலடியையும் முத்து முத்தாக எழுதிக் கொடுப்பது அவர் வேலை. முதலாளி கனடாவுக்குப் போனபோது கடை அவர் கைக்கு வந்தது. இப்போது வயது ஐம்பத்தாறு. கசெட் போய் சீடி வந்தது, சீடியும் போனது, கடை மட்டும் போகவில்லை. அதற்குக் காரணம் அவருடைய பிடிவாதமும் கோபமும்தான். இரண்டில் எது கூடவென்று சொல்வது கஷ்டம்.

பெயர்ப்பலகையில் இருக்கும் அந்தப் 'பார்' படுத்தும் பாடு தனிக்கதை. உப்புவெளிக்குக் கடல் குளிக்க வந்த பொடியன்கள் உள்ளே தலையை நீட்டி, "அன்ரி, பியர் கூலா இருக்கோ?" என்பார்கள்.

"கூலா நெல்லிக் கிறஷ் இருக்கு. குடிச்சிட்டு நேரா வீட்ட போங்கோ."

பகிடிக்குச் சொல்வதல்ல. நெல்லிக் கிறஷ் உண்மையாகவே இருக்கிறது, ஒரு சின்னக் குளிர்சாதனப் பெட்டி நிறைய. பியர் கேட்டு வந்தவர்களில் பாதிப்பேர் அதை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போகிறார்கள். "ஐயோ, பழைய பொருளையெல்லாம் விடாமல் காப்பாத்துறியளே" என்று நெஞ்சில் கை வைத்து, கடைக்கு முன் நின்று செல்பி எடுத்துவிட்டு, போனுக்கு ஒரு ரீலோட்கூடப் போடாமல் போகிற புகழ்ச்சிக்காரர்களைவிட அவர்கள் எவ்வளவோ மேல்.

"பாட்டு சோறு போடாது" என்று சொந்தக்காரர் புத்தி சொன்ன காலத்தில், "அப்ப பாட்டுக்கு நான் சோறு போடுறன்" என்றவர் அருள்மலர். போன் ரீலோட், லமினேட், மரண அறிவித்தல் அச்சடிப்பது, பழைய கசெட்டில் உள்ளதைப் பென் ட்ரைவில் ஏற்றுவது, கோயில் பெருநாளுக்கு ஸ்பீக்கர் பெட்டி வாடகைக்குக் கொடுப்பது என்று கடைக்குள் வேலைகள் ஒவ்வொன்றாக வந்து குந்தின. எல்லாவற்றிலும் சண்டைதான். ரீலோட் நம்பரைப் பிழையாகச் சொன்னவரோடு சண்டை. மரண அறிவித்தலில் பெறாமகனின் பெயர் விட்டுப்போனதென்று வந்தவர்களோடு சண்டை. கோட்டைப் பக்கமிருந்து வந்து தெருவெல்லாம் திரிந்து, கழிவுக் கடதாசி தின்ன வாசலுக்கு வரும் மானோடுகூடச் சண்டை. "உனக்குக் கோட்டைக்குள்ள புல்லில்லையோ?" என்பார். திட்டிக்கொண்டே மை படாத துண்டாகப் பார்த்துக் கிழித்துப் போடுவார்.

இசைத்தட்டு வாங்குவதற்கு மட்டும் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். கடைக்குள் ஒரு பிளாஸ்டிக் கதிரை. அதில் குந்தியிருந்து தட்டின் ஒரு பக்கத்தை முழுக்கக் கேட்க வேண்டும். கேட்டால்தான் தட்டு. "செருப்பையே போட்டுப் பாத்துத்தானே வாங்குறியள்? இது மட்டும் என்ன?" வெள்ளைக்காரருக்கும் அதே கதிரை, அதே சட்டம்.

அந்தச் சட்டம் ஆத்திரத்தில் பிறந்தது. முன்பொரு நாள், யாரோ வந்து கேட்டாரென்று பன்னிரண்டு தட்டுகளை ஒன்றாகக் கட்டிக் கொடுத்தார். சில மாதம் கழித்து ஒரு விடுதிக்கு ஸ்பீக்கர் பெட்டி கொண்டுபோனபோது, அவற்றில் ஒன்று மணிக்கூடாகச் சுவரில் தொங்கியது. முள் சுற்றிக்கொண்டிருந்தது, தட்டு சுற்றவில்லை. அன்றைக்கு வந்த கொதி இன்றைக்கும் அடங்கவில்லை. அடங்கவும் தேவையில்லை.

இந்த வருஷம், தவணைப் பரீட்சை நெருங்கிய கிழமையில் மெஷின் நின்றுபோனது. திருத்த வந்த ஸெய்னுதீன் கழற்றிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, இது மவுத்து, இனி எழும்பாது" என்றார். போட்டோக்கொப்பிக் காசு வராவிட்டால் அந்தக் கடைக்கு வேறு கதியில்லை. விளக்கும் எரியாது, பிளேயரும் சுற்றாது. அலுமாரியில் மிஞ்சியிருக்கும் இருநூறு தட்டுகளோடு கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

மூன்றாம் நாள் ஒரு சின்ன லொறி வாசலில் வந்து நின்றது. உப்புவெளியில் விடுதி நடத்தும் சோமசேகரம் ஒரு கலர் மெஷினோடு வந்து இறங்கினார். விஷயம் அவர் காதுக்கு எப்படியோ போயிருந்தது.

"தங்கச்சி, மெஷின் உங்களுக்கு. அலுமாரியில கிடக்கிற தட்டு முழுக்க எனக்கு. புதுச் சாப்பாட்டுக்கடைச் சுவருக்கு வேணும்."

அருள்மலர் உடனே மறுக்கவில்லை. அதனால் தன்மேலேயே எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. என்ன செய்வது? வாசலில் மூன்று ரீச்சர்மார் கேள்வித்தாளோடு நின்றார்கள். மெஷினை உள்ளே வைக்கச் சொல்லி, தானே பிளக்கைச் செருகினார். பிறகு கதிரையைக் காட்டினார்.

"முதல் ஒரு பக்கம் கேளுங்கோ அண்ணை."

"எனக்கெங்க நேரம்? என்ன பாட்டெண்டாலும் பரவாயில்லை, படம் வடிவா இருந்தாச் சரி." சோமசேகரம் ஒரு தட்டை உறையிலிருந்து இழுத்து, நடுத்துளைக்குள் விரலை விட்டுச் சுழற்றிக் காட்டினார். "பாருங்கோ, ஓட்டையும் ஏற்கெனவே கிடக்கு. ஆணி அடிக்க நல்ல வசதி."

அருள்மலர் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற மான் பாய்ந்து ஓடியது.

"ஆணி அடிக்கவோ அந்த ஓட்டை? ஆணி அடிக்கவோ? முப்பத்தேழு வருஷமாத் துடைச்சுத் துடைச்சு வச்சிருக்கிறன், உங்கட சுவரில தொங்கப்போடவோ? ஷெல் விழேக்க இதுகளைத்தான் முதல் மேசைக்குக் கீழ வச்சனான். அதுக்குப் பிறகுதான் நான் பூந்தனான்! என்ன பாட்டெண்டு ஒரு சொல்லுக் கேக்க உங்களுக்கு ஏலாமக் கிடக்கு, என்ன?"

நூற்றுக்கு நூறு நியாயமான கோபம். ஆனால் கோபம் கேள்வித்தாள் அடிக்காது. அது அவருக்கும் தெரியும். மூச்சு வாங்கியபடி சோமசேகரத்தின் விரலிலிருந்து தட்டைக் கழற்றி எடுத்துப் பிளேயரில் வைத்தார். அவருடைய மற்றக் கையிலிருந்த உறையைப் பறித்து மெஷினின் கண்ணாடியில் கவிழ்த்தார். புது மெஷினின் மூடிக்கு அழுத்தமே தேவையில்லை. பழக்கதோஷத்தில் முழங்கையால் அழுத்தினார். உறையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, சூடாக வந்து விழுந்த கலர் கொப்பியை அவர் முன்னால் நீட்டினார்.

"படம்தானே வேணும்? இந்தாங்கோ. இருநூறையும் இப்பிடியே அடிச்சுத் தாறன். கண்ணாடி போட்டு மாட்டுங்கோ, வெளிறிப்போனால் திரும்ப அடிச்சுத் தருவன். தட்டு வெளியால போகாது. சரியெண்டால் மெஷின் நிக்கட்டும். இல்லையெண்டால் இப்பவே லொறியில ஏத்துங்கோ!"

ரீச்சர்மார் மூன்று பேரும் சோமசேகரத்தின் வாயையே பார்த்தார்கள். அவர் கொப்பியை வெளிச்சத்துக்குப் பிடித்தார். உறையைப் பார்த்தார், திரும்பக் கொப்பியைப் பார்த்தார். சுவரில் எது தொங்கினாலும் அவருக்கு ஒன்றுதான்.

"வடிவாத்தான் கிடக்கு. மெஷின் நிக்கட்டும்" என்றார். கொப்பியை மடியாமல் சுருட்டிக்கொண்டு வாசல்வரை போனவர், திரும்பினார். "இதில என்ன பாட்டு தங்கச்சி? சாப்பிட வாற ஆக்கள் கேட்டால் ஏதாவது சொல்லவேணுமே."

அருள்மலரின் முகத்தில் இருந்த கோபம் அப்படியே இருந்தது. ரீச்சரின் கேள்வித்தாளைக் கண்ணாடியில் வைத்து முழங்கையால் மூடியை அழுத்தினார். மற்றக் கையால் ஊசியைத் தட்டில் இறக்கினார். பிறகு காலை நீட்டி, அந்தப் பிளாஸ்டிக் கதிரையைச் சோமசேகரத்தின் பக்கம் தள்ளிவிட்டார்.